பருப்பு விலை போட வேர்ட்பிரஸா, சொந்தமாக எழுதிய தளமா?

வாசகர் கேள்வி:

தம்பி, எங்களுக்கு யாங்கோன் பையின்னாங் சந்தையில் பருப்பு, பயறு மொத்த வியாபாரம். உளுந்தும் துவரையும் சென்னைக்கும் மும்பைக்கும் போகிறது. தினசரி விலையை முகநூலில் போட்டுக்கொண்டிருந்தோம். 2021-ல் அதை முடக்கியதிலிருந்து முடக்கத்தைத் தாண்ட உதவும் வி.பி.என். போட்டுப் பார்ப்பவர்கள்தான் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்காக வைபரில் ஒரு குழு வைத்து ஓட்டுகிறோம். இனி சொந்தமாக வெப்சைட் வைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். வெப்சைட் கட்டும் ரெடிமேட் மென்பொருளான வேர்ட்பிரஸ் போதும், சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்கிறான் மகன். எங்கள் கணக்கு சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் பையன், அதெல்லாம் ஹேக் ஆகிவிடும், லாராவெலில் உங்களுக்கென்றே ஒரு சி.எம்.எஸ். (தளத்தில் பக்கங்களை ஏற்றித் திருத்தும் மென்பொருள்) எழுதித் தருகிறேன், பின்னால் கிடங்கு இருப்பு, வாங்குபவருக்கு லாகின் எல்லாம் அதிலேயே சேர்க்கலாம் என்கிறான். அவன் கேட்பது மகன் சொல்வதைப் போல மூன்று மடங்கு. தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். தினமும் விலை போடப்போவது கடையில் இருக்கும் என் தங்கை மகள். அவளுக்குக் கம்ப்யூட்டர் சுமாராகத்தான் தெரியும். எதைச் செய்வது?

பதில்:

ஐயா, வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தளத்தை வேர்ட்பிரஸில் போடுங்கள். அதற்குள் வரும் விலைப் பகுதியை மட்டும் அந்தத் தம்பியிடம் எழுதி வாங்குங்கள். கிடங்கு இருப்பு, லாகின் இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். மகனுக்கும் அவருக்கும் நடுவே சமரசம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டிருப்பதைப் பிரித்துப் பார்த்தால் வேலையே அப்படித்தான் பிரிகிறது.

உங்கள் தளத்தில் என்னென்ன வரும்? நிறுவனத்தைப் பற்றி ஒரு பக்கம், தொடர்புக்கு ஒரு பக்கம், சரக்கின் படங்கள், அறிவிப்புகள், தினசரி விலை. கடைசியில் உள்ளதைத் தவிர மற்ற எல்லாம் ஊரில் எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான். வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. இன்று உலகத்தில் பத்துத் தளங்களில் நான்கு அதில்தான் ஓடுகின்றன. பாஸ்வேர்ட் மறந்தால் மீட்பது, பெரிய படத்தைச் சின்னதாக்குவது, அழித்த பக்கத்தைத் திரும்ப எடுப்பது, யார் எதைத் திருத்தினார்கள் என்று பார்ப்பது எல்லாம் அதில் செய்து, அடிபட்டு, தேறிக் கிடக்கிறது. சொந்தமாக எழுதுபவர் முதல் சில வாரங்களை இதையே திரும்ப எழுதுவதில் செலவழிப்பார். அதற்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று மடங்கு.

இன்னொன்று, லாராவெலில் எழுதுகிறேன் என்பவரும் வெறும் தரையிலிருந்து தொடங்குவதில்லை. லாராவெலே 2011-லிருந்து இருக்கும், நிரல் எழுத அடித்தளம் தரும் ஒரு ரெடிமேட் சட்டகம்தான். அதனால் ‘ரெடிமேடா, சொந்தமா’ என்று இரண்டாக வெட்டிப் பேசுவதில் அர்த்தம் குறைவு. எந்த இடம் வரை அடுத்தவர் எழுதியதை எடுத்துக்கொள்கிறோம், எங்கிருந்து நாம் எழுதுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். மற்ற கடைகளிலிருந்து நீங்கள் வேறுபடுவது இங்கேதான். சாதாரணப் பதிவாக ஒரு பக்கம் திறந்து, அதில் ஒரு டேபிள் போட்டு, தினமும் எண்ணை மாற்றினால் என்ன ஆகும்? நேற்றைய விலை போய்விடும். சென்னையிலிருந்து ஒருவர், போன வாரம் எஸ்.க்யூ. (ஸ்பெஷல் குவாலிட்டி) உளுந்து என்ன விலை என்று கேட்டால் வைபரில் மேலே மேலே தள்ளித் தேட வேண்டியதுதான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு விலையும் தனிப் பதிவாக உட்கார வேண்டும். தேதி, சரக்கு, தரம், அளவு, நாணயம், விலை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். தரத்தைக் கையால் தட்டக் கூடாது, எஃப்.ஏ.க்யூ. (சராசரித் தரம்), எஸ்.க்யூ. என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று ‘எஸ்.க்யூ.’ என்றும் நாளை ‘ஸ்பெஷல்’ என்றும் தட்டினால் கணினிக்கு அவை இரண்டு வேறு சரக்கு. வேர்ட்பிரஸில் இப்படிச் சொந்தப் பதிவு வகை உண்டாக்கிக்கொள்ளும் வசதி 2010-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே நன்றாக இருக்கிறது. வேர்ட்பிரஸும் லாராவெலும் எழுதப்பட்டிருப்பது பி.எச்.பி. என்ற நிரல் மொழியில், லாராவெல் தெரிந்தவருக்கு அது தெரியும். அந்தத் தம்பி இதை ஒரு சிறிய பிளகினாக, அதாவது வேர்ட்பிரஸோடு சொருகிக்கொள்ளும் துணை நிரலாக, எழுதிவிடலாம்.

எழுதும்போது இரண்டு விஷயத்தை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விலை எண்ணாகச் சேமிக்கப்பட வேண்டும், எழுத்தாக வேண்டாம். நம்மூரில் லட்சத்தில் பேசுகிறோம், பர்மியரும் தெய்ன் என்று லட்சத்தில்தான் பேசுகிறார்கள், ஆங்கிலப் படிவமோ மில்லியனில் காற்புள்ளி வைக்கிறது. ஒரே விலையை ஒருநாள் 28,50,000 என்றும் மறுநாள் 2,850,000 என்றும் தட்டி, அது எழுத்தாகவே உள்ளே போய்விட்டால், ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டச் சொல்லும் அன்றைக்குக் குழப்பம் தெரியும். உள்ளே வெறும் எண், காற்புள்ளி பார்வைக்கு மட்டும். இரண்டாவது, நேரம். வேர்ட்பிரஸை நிறுவும்போது கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் அதற்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மாற்றாமல் விட்டால், காலை ஆறு மணிக்கு ஏற்றிய விலை முந்தைய நாள் தேதியில் விழும். அமைப்புகளில் யாங்கோன் என்று தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பலர் செய்வதில்லை.

மூன்று மொழி என்கிறீர்களே, அங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. செலவு ஏறுவதும் தளம் அசிங்கமாவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

உங்களிடம் பழைய சரக்குப் பட்டியல், கடிதம், பர்மியத்தில் தட்டிய எக்செல் எல்லாம் இருக்கும். அவை ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் தட்டியவையா, உலகப் பொதுக் குறியீடான யூனிகோடா என்று பாருங்கள். அரசு 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன் கடைகளில் தட்டியது பெரும்பாலும் ஸாஜிதான். இரண்டும் ஒரே எண் வரிசையைப் பிடித்துக்கொண்டிருப்பதால், பார்க்க ஒரே மாதிரியாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கும். நம் கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தட்டச்சில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பின்னால் தட்டுவோம். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. பர்மியத்திலும் அதே போன்ற ஒரு குறி உண்டு, ஸாஜி அதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. இதை அப்படியே தளத்தில் ஒட்டினால் உங்கள் கணினியில் சரியாகத் தெரியலாம், வாங்குபவரின் போனில் உடைந்து தெரியும், தேடினாலும் கிடைக்காது. தமிழில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதங்களின் கதை இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். இரண்டுக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். இது ரெடிமேடிலும் இருக்கும் வேலை, சொந்தத்திலும் இருக்கும் வேலை. இரண்டு பேரின் மதிப்பீட்டிலும் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வேலை உங்கள் தலையில்தான் விழும்.

சொந்தமாக எழுதிய தளத்தில் கூடுதலாக ஒரு பயம் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தரவுத்தளம் பழைய மை எஸ்.க்யூ.எல். ஆக இருந்து, யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், நீங்கள் ‘உளுந்து’ என்று சேமித்தால் திரும்ப வருவது வரிசையாகக் கேள்விக்குறிகள். ஆகவே எவர் செய்தாலும், பணம் கொடுக்கும் முன் தமிழில் ஒரு வரி, பர்மியத்தில் ஒரு வரி தட்டிச் சேமித்து, அதையே தேடிப் பாருங்கள்.

வேர்ட்பிரஸும் இந்த விஷயத்தில் சுத்தமில்லை. தலைப்பைத் தமிழில் வைத்தால் அதையே பக்கத்தின் முகவரியாக எடுத்துக்கொள்ளும். அந்த முகவரிக்கு 200 எழுத்து இடம்தான். ஒவ்வொரு தமிழ்க் குறியும், மெய்ப்புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியாக, 9 இடம் பிடிக்கும். ‘பையின்னாங் சந்தை உளுந்து விலை’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள், உளுந்தோடு முகவரி முடிந்துவிடும், விலைக்கு இடம் இருக்காது. மறுநாள் அதே தலைப்பைப் போட்டால் வாலில் 2 என்று ஒட்டும், அதற்கு அடுத்த நாள் 3. வைபரில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகள் நிரம்பிய முழ நீளக் குப்பை ஒன்று வந்து விழும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், தேதியோடு, பிளகினே தானாக வைக்கும்படி தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

வேர்ட்பிரஸின் அடிப்படையில் பன்மொழி வசதி கிடையாது. பாலிலாங் போன்ற ஒரு பிளகின் வேண்டும். வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு சி.எம்.எஸ். ஆன ட்ரூப்பலில் 8-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அளவுத் தளத்துக்கு ட்ரூப்பல் கனம், அது தெரிந்த ஆளையும் தேடிப் பிடிக்க வேண்டும். அதைவிட, எல்லாப் பக்கத்தையும் மூன்று மொழியில் வைக்கும் ஆசையைக் குறையுங்கள். விலைப் பக்கத்தில் சரக்கின் பெயர்களும் தலைப்புகளும் மட்டும்தான் மொழி, எண்கள் எல்லோருக்கும் ஒன்று. தமிழில் உளுந்து, பர்மியத்தில் மட்பே என்று ஒருமுறை எழுதி வைத்தால் தினமும் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் பர்மியத்திலும் போடுங்கள், தமிழ் முடிந்தபோது. பாதி மொழிபெயர்த்த பக்கங்கள் கிடப்பதைவிட இது மரியாதையாக இருக்கும்.

அறிவிப்பு என்றதும் ஒரு வேண்டுகோள். உளுந்து, துவரை விஷயத்தில் இந்தியாவின் இறக்குமதி விதி மாறுவதும் நீட்டிப்பதுமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். 2021-ல் இந்தியாவும் மியன்மாரும் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்து ஆண்டுக்கு உடன்பாடு போட்டதே ஒரு செய்திதான். இப்படிப்பட்ட அறிவிப்பில் தேதி பெரிதாகத் தெரிய வேண்டும், காலாவதி நாளும் இருக்க வேண்டும், அந்த நாள் வந்ததும் தானாக ‘பழையது’ என்று மாற வேண்டும். பழைய விதியைப் புதியது என்று படித்துவிட்டு ஒருவர் சரக்கு பேசிவிட்டால் கூகுளைக் குறை சொல்ல முடியாது.

இப்போது, ஹேக் ஆகிவிடும் என்ற பேச்சு. அதில் பாதி உண்மை. எல்லோரும் வைத்திருப்பதால் வேர்ட்பிரஸைத் தேடித் தாக்குகிறார்கள். ஆனால் உடைவது பெரும்பாலும் யாரோ எழுதி, அப்டேட் செய்யாமல் விட்ட பிளகின் வழியாகத்தான். அடிப்படை மென்பொருளின் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் 2013-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து தானாகவே ஏறிவிடுகின்றன. ஆகவே பிளகின்களைக் கைவிரல் எண்ணிக்கைக்குள் வையுங்கள். ‘இலவசமாகத் தருகிறேன்’ என்று யாராவது கொடுக்கும் பூட்டுடைத்த தீம் (தளத்தின் தோற்றத்துக்கான வார்ப்பு) பக்கம் போகாதீர்கள், பல நேரங்களில் திருடனே அதற்குள்தான் இருப்பான். சொந்தமாக எழுதிய தளத்தை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, சரி. ஆனால் அதில் ஓட்டை இருந்தால் அடைக்கவும் யாரும் வரமாட்டார்கள். தளத்துக்கு சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர் ஒருநாள் பி.எச்.பி. பதிப்பை ஏற்றுவார். 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 பழைய மை எஸ்.க்யூ.எல். கட்டளைகளை அடியோடு எடுத்துவிட்டது. அவற்றை நம்பி எழுதிய சொந்தத் தளங்கள் ஹோஸ்டிங் மாறிய அன்றைக்கே படுத்தன. வேர்ட்பிரஸ் வைத்திருந்தவர்கள் ஒரு அப்டேட் பொத்தானை அழுத்தித் தப்பித்தார்கள்.

என்னைக் கேட்டால், தொழில்நுட்பத்தை எல்லாம் விட்டுவிட்டு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதை எழுதியவர் ஊரில் இல்லாத நாளில் யார் திறந்து பார்ப்பார்கள்? பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர் விழாவான திஞ்சான் வாரத்தில் தளம் விழுகிறது, யாங்கோனே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது, மும்பைக்காரர் போன் செய்கிறார். யாரைக் கூப்பிடுவீர்கள்? தம்பி நல்ல பையனாகவே இருக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் சிங்கப்பூர், பாங்காக், ஜப்பான் என்று கிளம்பிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். போகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. வேர்ட்பிரஸ் என்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் கிடைப்பார், கிடைக்காவிட்டால் உங்கள் மகனே பார்த்துச் சமாளிப்பார். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் சி.எம்.எஸ்.ஐத் திறந்து பார்க்க இன்னொருவருக்கு மாதக்கணக்கில் ஆகும். பாதிப்பேர் பார்த்துவிட்டு, புதிதாகவே எழுதிவிடலாம் என்பார்கள். மறுபடியும் மூன்று மடங்கு.

கிடங்கு இருப்பையும் லாகினையும் ஏன் தள்ளி வைக்கச் சொன்னேன் என்று கேட்பீர்கள். அது வெப்சைட் வேலை இல்லை, உங்கள் வியாபாரத்தின் உள்வேலை. யாருக்கு எத்தனை டன் பேசியிருக்கிறது, எந்தக் கிடங்கில் என்ன மிச்சம் என்பதை உலகமே தட்டிப் பார்க்கும் கதவுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. ஒரு நாள் அது உண்மையிலேயே வேண்டும் என்றால், அப்போது தம்பி சொல்வது சரி. சொந்தமாகத்தான் எழுத வேண்டும், வேர்ட்பிரஸில் பிளகின் மேல் பிளகினாகச் சொருகிச் செய்யக் கூடாது. தனி சர்வரில், தனி முகவரியில், அவருக்குத் தெரிந்த லாராவெலிலேயே செய்யட்டும். இரண்டும் பேசிக்கொள்ள வேண்டியது விலை ஒன்றைத்தான், அதைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். தளத்தை முதலில் ஒரு பருவம் ஓட்டுங்கள். புது உளுந்து வரத்து வந்து போவதற்குள் வாங்குபவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். இப்போது லாகின் கேட்பது அந்தத் தம்பி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விக்ஸ் போன்ற மாதச் சந்தா தளங்களை யாராவது சொல்லலாம். அழகாக வரும், ஆனால் கட்டிய தளத்தை அங்கிருந்து கழற்றி வேறு இடத்தில் வைக்க முடியாது, சந்தாவும் டாலர். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி வைத்த 2,100 கியாட்டுக்கு டாலர் எங்கே கிடைக்கிறது என்று வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேர்ட்பிரஸிலும் ஆண்டுதோறும் டாலரில் புதுப்பிக்க வேண்டிய தீம், பிளகின்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். டொமைனும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்கும் தவிர வேறு டாலர் செலவு இல்லாமலே இந்தத் தளம் ஓடும். இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் பில்டர் பிளகின்களும் வேண்டாம். பார்க்கச் சுலபமாக இருக்கும், பக்கம் கனத்துப்போகும். கரண்ட் போன நேரத்தில் மொபைல் டேட்டாவில் விலை பார்ப்பவருக்கு வேண்டியது ஒரு டேபிள், சறுக்கிச் சறுக்கி ஓடும் படங்கள் இல்லை. தீம் தேர்ந்தெடுக்கும்போது பர்மிய எழுத்தின் கீழ் அடுக்குகள் வெட்டுப்படாமல் வரிக்கு வரி இடம் இருக்கிறதா என்று போனில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்குச் செய்த தீம்களில் அடிக்கடி வெட்டுப்படும்.

உங்கள் தங்கை மகளை இந்தப் பேச்சில் யாருமே கூப்பிடவில்லை போலிருக்கிறது. தினமும் அதைத் திறக்கப்போவது அவர்தானே. வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கம் முதலில் பார்ப்பவருக்கு மிரட்டலாக இருக்கும், இடது பக்கம் முழுக்க மெனு. அவருடைய கணக்குக்கு விலை, அறிவிப்பு இரண்டு மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்துவிடச் சொல்லுங்கள், அது சின்ன வேலைதான். நேற்றைய விலைகள் முன்பே நிரம்பியிருக்க, மாறியதை மட்டும் திருத்திச் சேமிக்கும்படி ஒரே திரையாக இருந்தால் இன்னும் நல்லது. எண்ணில் ஒரு சுழியம் கூடிவிட்டால், நேற்றை விட இவ்வளவு வித்தியாசமா என்று அது கேட்க வேண்டும். மொத்த வியாபாரத்தில் ஒரு சுழியம் என்ன செய்யும் என்று நீங்களே அறிவீர்கள். தம்பிக்குக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான மதிப்பு இந்தத் திரையில்தான்.

கடைசியாகக் காகித விஷயம். டொமைன் பெயரை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் பதியுங்கள். செய்து கொடுப்பவர் பெயரில் இருந்தால் தளம் அவருடையது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. ஹோஸ்டிங் கணக்கும் அப்படியே. தம்பி எழுதும் பிளகினின் மூல நிரல் உங்கள் பெயரில் உள்ள கிட் (நிரலை அதன் மாற்றங்களோடு சேமிக்கும் கருவி) கணக்கில் இருக்க வேண்டும். எப்படி நிறுவுவது என்று ஒரு பக்கமாவது எழுதித் தர வேண்டும். வாரம் ஒரு பேக்கப் கடையின் கணினிக்கு இறங்க வேண்டும். அந்தப் பேக்கப்பிலிருந்து வேறொரு கணினியில் தளத்தைத் திரும்ப எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. பணத்தை மூன்று தவணையாகப் பேசுங்கள். கடைசித் தவணை, உங்கள் தங்கை மகள் யாரையும் கூப்பிடாமல் ஒரு வாரம் தொடர்ந்து விலை போட்ட பிறகு.